பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

வியாழக்கிழமை மாலைக் காட்சி முடிந்ததும் ஊர் ஜனம் மொத்தமும் ஒரு வார்த்தை பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனது என்று சொல்லிப் போன பகுதியை நிறுத்தியிருந்தேன். அந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் ஊரான எல்க் பெண்டில் யாரும் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள். “வித்தியாசமா இருந்துச்சு” என்று சிரித்துக்கொண்டே கையைக் குலுக்குவார்கள். வீட்டுக்குப் போய்ப் பூட்ஸைக் கழற்றிய பிறகுதான் வாய் திறக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நான் காபி போட்டு முடிப்பதற்குள் ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் பாதி ஊர் எழுதித் தள்ளியிருந்தது. என் தங்கை ஹைடி சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். படம் அவள் எடுத்தது. தியேட்டர் எங்களுடையது, நானும் என் கணவன் டுவைனும் நடத்துகிற, ஊரிலேயே ஒரே தியேட்டர். வேறு எங்கும் காட்டுவதற்கு முன்னால் சொந்த ஊரில் ஒரு வாரம் ஓட வேண்டும் என்று அடம்பிடித்து, கலிபோர்னியாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

“அக்கா, இதக் கேளு. ‘ஒரே பனி. ரெண்டு மணி நேரம் பனியப் பாக்கணும்னா என் வீட்டு ஜன்னல் போதாதா?’”

“அது கேரி. அவனுக்கு வாத்து சுடற படம் தவிர எதுவும் பிடிக்காது.”

“கறிக்கடை நார்ப் எழுதியிருக்காரு. ‘படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரத்தம் அந்தக் கலர்ல இருக்காது. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.’”

ஹைடிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உயர்நிலைப் பள்ளிப் பெண் ஒருத்தி மூன்று முறை அழுததாகவும் மறுபடி போகப்போவதாகவும் எழுதியிருந்தாள். ஒருவர் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டு, அரக்கன் சூப் உறிஞ்சுகிற சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றிருந்தார். அதற்குக் கீழேயே ஒருவர் பத்துக்கு ஒன்று போட்டு, அந்த ஒன்றும் பாப்கார்னுக்காக என்றிருந்தார். அந்த மட்டும் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

அடுத்ததைப் படிக்கும்போது ஹைடியின் குரல் இறங்கியது. “பெவ் கோனிக். ‘சாப்பாடு போட்டு வளத்த ஊர் மூஞ்சில இப்படிக் காறித் துப்பலாமா?’”

அதற்குக் கீழே ஒரே வரிசையாக எல்லாரும் ஒன்றையே கேட்டிருந்தார்கள். அது ஆர்லீன் பிராட்ஸின் கண்ணாடிப் பாத்திரம்தானே?

படம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் ‘பசித்தவன் வீடு’. பனிக்காட்டின் நடுவே ஒரு வீடு. உள்ளே ஓர் அரக்கன், அவனோடு அக்காவும் தங்கையுமாக இரண்டு சிறுமிகள். ஊர்ப் பெண்கள் தினமும் சாயங்காலம் சமைத்து எடுத்துவந்து வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அரக்கனுக்கு வயிறு நிறைந்தால் ஊருக்குள் இறங்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. உள்ளே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒருத்தியும் பேசமாட்டாள். அவனோ பாத்திரத்தை நக்கி முடித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புவான். ராத்திரிக்கு ஒரு விரல் கேட்பான்.

அந்த வீடு எங்கள் வீடு. அரக்கன் எங்கள் அப்பா ரே. அம்மா இறந்த வருடம் எனக்குப் பதினொரு வயது, ஹைடிக்கு ஏழு. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர்ப் பெண்கள் எங்கள் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள். நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் காளான் சூப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே சீஸ் உருக்கியது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதை நீட்டி முழக்க வேண்டாம். என் இடது கைச் சுண்டுவிரல் நேராக நீளாது. கதவிடுக்கில் நசுங்கியது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை.

ஹைடி படத்தில் ஊர் பெயர் சொல்லவில்லை. உடுப்பெல்லாம் ராஜா காலத்து உடுப்பு. ‘இது நாங்கள் இல்லை’ என்று சொல்லி ஊர் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவிடாமல் செய்தது ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாத்திரம்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினால், பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதி அனுப்புவார்கள். திரும்பி வர வேண்டுமே! அப்படி வந்து திரும்பிப் போகாத ஒரு பாத்திரத்தைப் பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போனபோது ஹைடி பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள். அதையே படத்திலும் வைத்துவிட்டாள். அரக்கன் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி நக்குகிறான். கேமரா அடியிலிருந்து பார்க்கிறது. எங்கள் திரையில் ஆளுயரத்துக்கு ‘ஏ. பிராட்ஸ்’ என்று, அன்று எங்களுக்குச் சமைத்து அனுப்பிய ஆர்லீனின் பெயர் நீல மையில் தெரிகிறது.

“உண்மையச் சொல்லு, வேணும்னு வெச்சியா?” என்று கேட்டேன்.

“சத்தியமா இல்லக்கா. நானே எத்தன தரம் பாத்திருப்பேன்! அந்த டேப் என் கண்ணுல படவேயில்ல. பாத்திரம்னா அடியில டேப் இருக்கும். எனக்கு அது பாத்திரத்தோட சேந்தது.”

நம்பினேன். படத்தை வெட்டி ஒட்டிய ஆட்கள் அதை ஏதோ பழைய கறை என்று நினைத்திருப்பார்கள். எல்க் பெண்டில் பிறந்தவள்தான் அதை எடுக்க மறப்பாள். எல்க் பெண்டில் பிறந்தவர்கள்தான் அரக்கனை விட்டுவிட்டுப் பாத்திரத்தின் அடியைப் படிப்பார்கள்.

*

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி கிடையாது; மத்தியானம் எங்கள் மாதா கோவிலின் நிலத்தடிக் கூடத்தில் மீன் வறுவல். ஊரே அங்கேதான் சாப்பிடும். வராதே என்று ஹைடியிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். போகாமல் இருந்தால் ஒளிந்துகொண்டதாக ஆகிவிடும். நான் எதற்கு ஒளிய வேண்டும்?

பெவ் கோனிக் எப்போதும்போல வரிசையின் தொடக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தார். என் தட்டில் கோஸ் சாலட் விழுந்த விதத்திலேயே அவர் கோபம் தெரிந்துவிட்டது.

“ரோண்டா, ரெண்டு பேரும் நல்ல முடிவு எடுத்தீங்க. இன்னிக்கி மத்தியானக் காட்சியோட போதும்.”

“எது போதும்?”

“படத்தத்தான் சொல்றேன். டுவைன் காலையில வாக்குக் குடுத்துட்டானே. உன்கிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. என் முகம் சூடானது. என் வீட்டு விஷயம் வறுத்த மீனுக்கும் ரொட்டிக்கும் நடுவில் எனக்குத் தெரிய வருகிறது.

“யாரக் கேட்டு வாக்குக் குடுத்தான்?”

“அதுல கேக்க என்ன இருக்கு? குழந்தைங்க கதைன்னு பேரு. ஒரு பொண்ணு விரல ஒருத்தன் கேரட் மாதிரி கடிக்கிறான். என் பேத்தி ராத்திரி பூரா லைட்ட அணைக்க விடல. அத விடு. ஆர்லீன நெனச்சுப் பாரு. எண்பது வயசுல அவள இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டாளே உன் தங்கச்சி! உங்கம்மா போனதுக்கப்புறம் ஒரு நாள் விடாம உங்களுக்குச் சமைச்சுப் போட்டோம். அதுக்கு இதுதான் கூலியா?”

“வாசல்ல வெச்சீங்க.”

“என்னது?”

“வாசல்ல வெச்சீங்க, பெவ். மணியடிச்சிட்டு ஓடிருவீங்க. கார் கதவு சாத்துற சத்தம் கேக்கும். நாங்க கதவத் தொறக்கறப்போ கார் முக்குத் திரும்பியிருக்கும்.”

“உங்கப்பன் யாரையும் உள்ள விடமாட்டான்!”

“ஏன் விடலன்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டீங்களா? உள்ள ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க, அவன் ஏன் கதவத் தொறக்க மாட்டேங்கறான்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? சாப்பாடு போட்டோம், சாப்பாடு போட்டோம்ங்கறீங்க. எங்களுக்கா போட்டீங்க? அவன் சத்தம் உங்க தெரு வரைக்கும் வந்துரக் கூடாதுன்னு போட்டீங்க.”

முள்கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேஜையாக நின்றது. நாற்பது வருடத்துக்கும் மேலாக என் தொண்டையில் இருந்தது, சாலட் வரிசையில் நின்றபடி வெளியே வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இல்லை.

பெவ் கரண்டியைக் கீழே வைத்தார். “அந்தக் காலத்துல அடுத்தவங்க குடும்பத்துக்குள்ள யாரும் தலையிட மாட்டாங்க.”

“படமும் அதத்தான் சொல்லுது. அப்புறம் எதுக்கு உங்களுக்கு இவ்வளவு கோவம்?”

பின்னால் நின்றிருந்த கறிக்கடை நார்ப் தொண்டையைக் கனைத்தார். “மீன் ஆறுது” என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் யாருக்கும் ஆதரவு காட்டமாட்டார்கள். தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் படியேறினேன்.

*

தியேட்டர் வாசலில் டுவைன் ஏணி மேல் நின்று பெயர்ப்பலகையிலிருந்து எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ‘வீடு’ மட்டும்தான் மிச்சமிருந்தது.

“எறங்கு.”

“ரோண்டா, நான் சொல்றத...”

“என் தங்கச்சி படம். என் தியேட்டர். பெவ் கோனிக் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?”

அவன் இறங்கி வந்தான். கையுறையைக் கழற்றி என் தோளைத் தொடப்பார்த்தான். டுவைன் சாது. ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டேன்.

“உனக்காகத்தான் செஞ்சேன். பழசக் கிளறினா யாருக்கு என்ன லாபம்? ஹைடி நாளைக்குக் கெளம்பிப் போயிருவா. நாமதான் இங்க இருக்கணும். மளிகைக் கடையில, கோவில்ல, எல்லார் மூஞ்சியிலயும் முழிக்கணும்.”

“அவங்கதான் என் மூஞ்சில முழிக்கணும்.”

“ஆர்லீன யோசிச்சுப் பாரு.”

“எல்லாரும் ஆர்லீன யோசிக்கச் சொல்றீங்க. பதினோரு வயசு ரோண்டாவ எவனாவது யோசிச்சானா?”

அவன் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் என் கோணல் விரலைப் பற்றி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மோதிரம் போட்ட அன்றுகூடக் கேட்கவில்லை. எவ்வளவு நாசூக்கான மனிதன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

“காட்சி முடியட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் அந்த ஏணி மேல கால் வெக்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானக் காட்சிக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. நேற்று அழுத பள்ளிப் பெண் இரண்டு தோழிகளை இழுத்து வந்திருந்தாள். விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றி ஆர்லீன் பிராட்ஸ் வந்தார். டிக்கெட் வாங்கினார். பாப்கார்ன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு முன்வரிசைப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஹைடிக்கு முகம் வெளுத்துவிட்டது.

வியாழக்கிழமை நான் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. பாதியில் எழுந்து பாப்கார்ன் இயந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டேன். இன்று கடைசி வரிசையில் நின்று முழுவதையும் பார்த்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அக்காக்காரி முன்னால் வந்து, “அவ விரல் சின்னது, உனக்குப் பத்தாது. என்னுத எடுத்துக்கோ” என்கிறாள். கடைசியில் தங்கை பத்து விரலோடும் காட்டைத் தாண்டி ஓடிவிடுகிறாள். அக்காவால் வர முடியவில்லை. கதவின் தாழ்ப்பாளைத் திறக்க அவளுக்கு விரல் இல்லை.

அந்த இடத்தில்தான் ஊரில் பாதிப் பேர் ‘முடிவு சரியில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு தேவதை வந்து காப்பாற்றியிருக்கலாம் என்று ஒருவர் யோசனைகூடச் சொல்லியிருந்தார். வந்திருக்கலாம்தான். யார் வேண்டாம் என்றது? நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஹைடி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. என் இடது கையை எடுத்து அவள் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

விளக்குப் போட்டதும் ஆர்லீன் மெதுவாக நடந்து முன்கூடத்துக்கு வந்தார். பாப்கார்ன் கவுன்ட்டரில் கைத்தடியைச் சாய்த்து வைத்தார்.

“என் பாத்திரத்தக் குடுங்கடி.”

ஹைடி காருக்கு ஓடிப்போய் எடுத்துவந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கையில் வேறு என்ன இருக்கிறது? பாத்திரம் நிறையச் சூடாகப் பாப்கார்ன் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தூக்கி அடியைப் பார்த்தார். தன் பெயரைக் கட்டைவிரலால் தடவினார்.

“ஆர்லீன் ஆன்ட்டி, உங்கள அசிங்கப்படுத்தணும்னு செய்யல. அந்தப் பேர அழிச்சுடறேன், வேற பிரிண்ட் போட்டு...” என்று ஹைடி தொடங்கினாள்.

“அழிக்காத. நான் என்ன அழிக்கச் சொல்லவா வந்தேன்?” அவர் குரல் உயர்ந்தது. ஆர்லீன் பிராட்ஸ் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. “படம் எப்படி இருந்துச்சுன்னு யாரும் என்னக் கேக்கலியே. நான் சொல்றேன் கேளு. பாதி உண்மை எடுத்திருக்க. உன் படத்துல எல்லாப் பொம்பளையும் வெச்சுட்டு ஓடறாளுங்க. ஓடினேன், இல்லங்கல. ஆனா மொதல்ல எங்க ஓடினேன்னு உனக்குத் தெரியுமா?”

ஹைடி இல்லை என்று தலையசைத்தாள்.

“ஒரு நாள் பாத்திரத்த வெச்சுட்டுத் திரும்பறேன், நீ கதவத் தொறந்துட்ட” என்று என் பக்கம் திரும்பினார். “நிறைஞ்ச பாத்திரம். நானே ரெண்டு கையால தூக்கிட்டு வந்தது. நீ ஒத்தக் கையால தூக்கின. இன்னொரு கையில துணி சுத்தியிருந்துச்சு. ‘என்னடி கண்ணு’ன்னேன். கதவச் சாத்திட்ட. ஏப்ரனக்கூடக் கழட்டாம நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். லெஸ்டர்கிட்ட சொன்னேன்.”

லெஸ்டர் அப்போது ஊரின் போலீஸ் அதிகாரி. லெஸ்டர் என் மாமனார்.

“என்ன சொன்னாரு?” என்றேன்.

“‘பொண்டாட்டியப் பறிகுடுத்தவன், கொஞ்சம் விட்டுப் பிடிப்போம். ஆர்லீன், நீங்க சமையலப் பாருங்க’ன்னாரு. ரேவும் அவரும் ஒண்ணா மான் வேட்டைக்குப் போறவங்க, அது ஊருக்கே தெரியும். நான் சமையலப் பாத்தேன். அதுக்கு மேல எனக்குத் துணிச்சல் இல்ல. அதுக்காக என் பேர அவ்வளவு பெருசாப் போட்டியே, போடு. நான் வாங்கிக்கிறேன். ஆனா அந்த லெஸ்டர் பேர எங்கடி போட்ட? அவனுக்கு ஒரு பாத்திரம் இல்லங்கறதுக்காக அவன் தப்பிச்சுடலாமா?”

ஆர்லீன் மூச்சு வாங்கினார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக வாசலைப் பார்த்தார். அங்கே டுவைன் மறுபடி ஏணியில் ஏறியிருந்தான். கால் வைக்காதே என்று நான் சொல்லியும் ஏறியிருந்தான்.

“அன்னிக்கி ஸ்டேஷன்ல லெஸ்டர் மேஜைக்குப் பக்கத்துல உக்காந்து யார் சாண்ட்விச் தின்னுட்டிருந்தான்னு உன் வீட்டுக்காரனக் கேளு.”

நான் கோட்டுகூடப் போடாமல் வெளியே போனேன். காற்று முகத்தில் அறைந்தது. டுவைன் ‘வீடு’ என்பதன் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்தான். எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, ஆர்லீனைப் பார்த்தான்.

“என் விரலப் பத்தி நீ ஏன் ஒரு நாளும் கேக்கல?” என்றேன்.

அவன் எழுத்தை விட்டான். அது பனியில் விழுந்தது.

“அப்போ எனக்குப் பதினேழு வயசு, ரோண்டா.”

எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து அந்த எழுத்தை எடுத்துப் பனியைத் துடைத்து அவனிடம் நீட்டினேன்.

“மாட்டு. எல்லா எழுத்தையும் மாட்டு. நான் திரும்பி வரும்போது படத்தோட பேரு முழுசா இருக்கணும்.”

“எங்க போற?”

ஹைடி காரைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஆர்லீன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, பாப்கார்ன் நிறைந்த பாத்திரத்தை என் கையில் திணித்தார்.

“வெறுங்கையோட போகாத. லெஸ்டர் தின்னு முடிச்சப்புறம் எனக்குத் திருப்பிக் குடு.”

ஆற்றுக்கு அக்கரையில் முதியோர் இல்லம். என் மாமனார் லெஸ்டர் அங்கேதான் இருக்கிறார். காது மந்தம், புத்தி தெளிவு. நான் ஞாயிறுதோறும் போய் அவருக்கு நகம் வெட்டிவிடுவேன், இந்த இரண்டு கையாலும். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். சூடு ஆறவில்லை.

இந்தத் தடவை வாசலில் வைத்துவிட்டு வரப்போவதில்லை.